டெலிட் பண்ணியாச்சும்மா

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் அவளுக்குத் தெருவில் ‘பட்டாசக்கா’ என்றுதான் பேர். மூக்குக்கு மேல் கோபம் வரும், காரணமில்லாமல் வராது. ஹார்ட் டிஸ்கில் எதுவும் மிச்சமில்லை என்று தன் கண்ணால் பார்க்காமல் விற்க மாட்டாள்.

அன்று ஒரு ஸ்கேன் சென்டரின் மேனேஜர் பழைய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“எல்லாத்தையும் டெலிட் பண்ணியாச்சும்மா. போன மாசம் பதினோரு டிஸ்க் சந்தையில வித்தோம். ஒருத்தரும் வாயத் திறக்கல.”

“பொருளடக்கத்தைக் கிழிச்சுட்டு, புத்தகமே எரிஞ்சுபோச்சுங்கிறீங்களா?”

டிஸ்கை மாட்டினாள். பத்தே நிமிடத்தில் அழித்த ஃபைல்கள் வரிசையாக எழுந்து வந்தன. யார் வயிற்றில் கட்டி, யாருக்குக் கரு கலைந்தது, எல்லாம் பேரும் போன் நம்பருமாக. நடுவில் ஒரு பேரைப் பார்த்து மேனேஜருக்கு முகம் வெளுத்தது.

“ஐயோ, மூடுங்க! அது என் பொண்டாட்டி ரிப்போர்ட்டு!”

திரையை உடனே அணைத்தாள். குரலைத்தான் அடக்கவில்லை.

“உங்க வீட்டுதுன்னதும் சுருக்குன்னு தைக்குதோ? இதை நான் மூடிட்டேன். அந்தப் பதினொண்ணை யாருய்யா மூடுவா?”