எங்கே போறே என்று கேட்காதவனின் இத்தாலி

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். திருச்சியில் என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். கம்ப்யூட்டரோடு பாதி ஆயுளைக் கழித்து, மெல்பர்னுக்கு வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக கிளென் வேவர்லியில் வீடு வாங்கினேன். அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வீட்டை விட்டும் போய்விட்டார்கள். இந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நான்கு வீடு தள்ளி இருந்த என் நண்பன் யாழ்ப்பாணத்துக்காரன். அவர்கள் பக்கமும் இதே கதைதான். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரவோ?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இடியாப்பத்துக்குச் சொதியா குருமாவா என்பதில் தொடங்கி எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயங்கள் ஏராளம். இதில் மட்டும் இரு தரப்புக்கும் பூரண உடன்பாடு.

அதனால்தான் போன வருடம் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவனை அடிக்கடி விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. கையில் சின்னப் பெட்டி இருக்கும். "போட்டு வாறன் மச்சான்" என்பான். "சரிடா" என்பேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவான். ஆபீஸ் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சனி ஞாயிறில் என்ன ஆபீஸ் என்று யோசித்திருக்கலாம். ஆனால் யோசிப்பதற்கு எனக்கு அலுவலகத்தில் சம்பளம் தருகிறார்கள். வெளியே இலவசமாகச் செய்வதில்லை.

அவனுக்கு ஐம்பது வயது நிறையப்போகிற நேரத்தில் அந்த யோசனையோடு வந்தான். இத்தாலியில், டஸ்கனிப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய கல் வீட்டை ஆடம்பர விடுதியாக மாற்றியிருக்கிறார்களாம். காலையில் கோல்ஃப், மத்தியானம் நீண்ட சாப்பாடு, மாலையில் வைன். ஐந்து நாள், அவசரமே இல்லாமல். நாங்கள் இருவர் மட்டும். எங்கள் மனைவிமார் இருவரிடமும் கேட்டோம். நாங்கள் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று அந்த நிமிடமே சொல்லிவிட்டார்கள். பால் வாங்கப் போனாலே ஏன் இவ்வளவு நேரம் என்று குறுக்கு விசாரணை செய்கிறவள் என் மனைவி. அந்தச் சம்மதத்தின் வேகமே எனக்கு மணியடித்திருக்க வேண்டும்.

வைன் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கோல்ஃப் பற்றி அதுவும் தெரியாது. தெரியாத வேலையை நாலு பேர் பார்க்கச் செய்வதென்றால் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணத்தன்று தாலியில் மூன்றாவது முடிச்சைப் போடக் கை நடுங்கி, என் அக்காதான் போட்டாள். மேளம் அடித்தவர் களைத்துப்போகும் அளவுக்கு நடுங்கினேன் என்று அவள் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதனால் அவனிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். இருவரும் சுத்தப் பூஜ்யமாகப் போகவேண்டும். முன்கூட்டி ஒரு வீடியோகூடப் பார்க்கக் கூடாது. விழுவதென்றால் சேர்ந்து விழலாம். அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு "ஓம்" என்றான்.

புறப்படும் முன் கோல்ஃப் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கையுறை கேட்டேன். கடைப்பையன் ஒன்றே ஒன்றைத் தந்தான், இடது கைக்கு மட்டும். ஜோடியில் மற்றது எங்கே என்று நான் சண்டைக்கு நின்றேன். எங்கள் தோல் நிறத்தைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்றுகூட மனசுக்குள் ஒரு மனுவைத் தயாரித்துவிட்டேன். நண்பன் என் தோளைத் தொட்டு, "ஒண்டுதான் மச்சான். ஒரு கைக்குத்தான் போடுறது" என்றான். நான் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். சுத்தப் பூஜ்யத்துக்கு இது எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த இடம் விளம்பரத்தில் சொன்னபடியேதான் இருந்தது. அதுதான் கொடுமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடும் பள்ளமுமாகத் திராட்சைக் கொடிகள், சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் மண் பாதை, ஜன்னலைத் திறந்தால் ரோஸ்மேரி வாசனை. காலைச் சாப்பாட்டை முடிக்கவே பத்து மணியாகிவிடும். ஆயினும் முதல் நாள் காலை, என் பெட்டியில் கொண்டுவந்திருந்த தக்காளித் தொக்கை அவனும் நானும் இத்தாலி ரொட்டியில் தடவித் தின்றோம். அந்த விடுமுறையில் நான் முழு மகிழ்ச்சியோடு இருந்த நேரம் அந்தத் தொக்கு தீரும்வரைதான்.

ஆட்டத்தைத் தொடங்கும் மேட்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு இத்தாலியப் பெண்மணி காத்திருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். வைக்கோல் தொப்பி, எல்லையில்லாத பொறுமை. எங்களுக்குப் பின்னால் டென்மார்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி தங்கள் முறைக்காக நின்றார்கள். நான்தான் முதலில். வலது உள்ளங்கையில் மட்டும் வேர்வை வழிந்தது தெரிந்தது. ஒரு கையை ஏன் திறந்து விடுகிறார்கள் என்று புரிந்தது. பயத்தை அளந்து பார்க்கத்தான்.

முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவதில் தோசை அளவுக்கு ஒரு புல்தரைத் துண்டு பெயர்ந்து பறந்தது. பந்தும் மரியாதைக்குக் கொஞ்சம் உருண்டது. டென்மார்க் ஐயா மேகங்களை ஆராயத் தொடங்கினார். எனக்கு முதுகுவலி உண்டு என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டேன். எந்த உறுப்பில் வலி என்பதையே பயத்தில் மாற்றிப் பிடித்துவிட்டேன்.

ஒரே ஆறுதல், அடுத்து அவன். அவனும் ஒரு தோசையைப் பெயர்க்கட்டும், மாலையில் இருவரும் உட்கார்ந்து சிரித்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கி நின்றேன்.

அவன் பந்தின் அருகே போனான். காலை அரை அங்குலம் நகர்த்தினான். தூரத்தைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான், தோளைத் தளர்த்தினான். இருட்டில் வீட்டுக்குள் நுழைகிறவன் சுவிட்சைத் தேடாமலே தட்டுவான் இல்லையா, அப்படி நின்றான். பந்து கிளம்புவதற்கு முன்பே எனக்குள் ஏதோ சரிந்துவிட்டது. மட்டை சுழன்றது. பந்து நேராக ஏறி, ஆசைக்குக் கொஞ்சம் அங்கேயே நின்று, தூரத்துப் பச்சையில் இறங்கியது. டென்மார்க் அம்மா கைதட்டினார்.

அந்தப் பெண்மணி அவனுடைய ஹேண்டிகேப் என்ன என்று கேட்டார். ஆட்டக்காரனின் தரத்தைச் சொல்லும் எண் அது. ஆடி ஆடிப் பதிவு செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவனிடம் அது இருந்தது. என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னான். எங்கே ஆடுகிறீர்கள் என்று அடுத்து கேட்டார்.

சிட்னியில் என்றான்.

நானோ மெல்பர்னில் அவனுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறவன்தான். எனக்கு எல்லாம் புரிந்துவிடவில்லை. கோல்ஃபைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டான் என்பது மட்டும்தான் புரிந்தது. அதற்கே எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஐம்பதை எட்டும் ஆண்பிள்ளை, இத்தாலியில், ஒற்றைக் கையுறையோடு. "சத்தியம் பண்ணினியேடா" என்றேன். "பிறகு கதைப்பம் மச்சான், ஏறு" என்று பேட்டரி வண்டியைக் காட்டினான். நான் ஏறவில்லை. நடந்தேன். அவன் அந்த வண்டியை என் நடைக்குத் தகுந்தபடி உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். அந்த மைதானம் முழுவதும் இப்படியே, கோபித்துக்கொண்டு நடக்கிற ஒருவனும் கெஞ்சிக்கொண்டு ஊர்கிற ஒரு வண்டியும். டென்மார்க் தம்பதி எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

மாலையில் நிலவறையில் வைன் சுவை பார்க்கும் நிகழ்ச்சி. கல் சுவர், பெரிய மரப் பீப்பாய்கள், ஆளுக்கு நான்கு கிண்ணம். வாயில் வைத்து உருட்டிவிட்டு, வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பலாம் என்றார் திராட்சைத் தோட்டத்துக்காரர். நான் முதல் மிடற்றை வாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த நேரத்தைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான்.

"நான் வேலை மாறீட்டன் மச்சான். சிட்னியில. குவேக்கர்ஸ் ஹில் பக்கம் வீடும் எடுத்தாச்சு. வாற மாசம் போறம்."

துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நான் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தேன். கடைசியில் விழுங்கினேன். அதன் சுவை என்னவென்று தோட்டத்துக்காரர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். புது அலுவலகத்தின் பெரிய மனிதர்கள் முடிவெடுப்பதெல்லாம் கோல்ஃப் மைதானத்தில்தானாம். அதற்காகத்தான் சனிக்கிழமைகளில் பழகினானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்த்தானாம். அதாவது, அவன் என்னை விட்டுப் போவதற்கான வேலைகளுக்கெல்லாம் விமான நிலையம் வரை காரோட்டியவன் நான். பெட்ரோல்கூட நான்தான் போட்டேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவன் கிண்ணத்தின் காம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவனோடு வகுப்பெடுக்கிற ஆன்ட்டிக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும்.

"எனக்கு மட்டும் ஏன்டா சொல்லல?"

"ஒவ்வொரு முறையும் காரில சொல்லுவம் எண்டுதான் ஏறுறனான். நீ பகிடி விட்டுக்கொண்டே வருவாய். இறங்குற இடம் வந்திடும்." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "நீயும் கேக்கேல்லைத்தானே."

அவனுக்குத் தெரியும் நான் ஏன் கேட்கவில்லை என்று. போகிற காரியம் நல்லபடியாக முடியட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நாக்கை அடக்கினேன். முடிந்துவிட்டது, நல்லபடியாகவே. என் மரியாதைக்குப் பின்னாலேயே அவன் ஒளிந்துகொண்டிருக்கிறான். இந்த இத்தாலிப் பயணமே எனக்குச் சொல்வதற்காக அவன் போட்ட மேடை. நல்ல இடமாகப் பார்த்து, நல்ல சாப்பாடு போட்டு வெட்டுவதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. அதற்கு மாலையும் போடுவார்கள்.

மறுநாள் காலை மனைவிக்குப் போன் செய்தேன். மெல்பர்னில் அப்போது அவள் தேநீர் குடிக்கிற நேரம். நீயுமா என்கிற தொனியில் தொடங்கினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "அவரே சொல்றேன்னாரு. நான் எதுக்கு நடுவுல? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்க கிளம்பியிருப்பீங்களா? போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருப்பீங்க." பிறகு, தொக்கு போதுமா என்று கேட்டாள்.

மிச்சம் நான்கு நாள். அவசரமே இல்லாத விடுமுறை என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று, துரோகம் செய்தவனோடு ஒரே மேசையில் இரண்டு மணி நேர மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சாப்பாடு ஒவ்வொரு தட்டாக வரும். இடையில் பேசியாக வேண்டும். கோபித்துக்கொண்டு எங்காவது போகலாமென்றால் பக்கத்து ஊர் மலைக்கு அந்தப் பக்கம். வாடகைக் கார் சாவி அவனிடம். நான் திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் எனக்குப் பிடித்த ஆலிவ்களை என் தட்டுக்குத் தள்ளி வைப்பான். நான் அவற்றைத் தின்பேன். கோபம் வேறு, ஆலிவ் வேறு.

கடைசி நாள், அவன் கற்றுத்தருவதாகச் சொன்னபோது மாட்டேன் என்றேன். பிறகு போய் நின்றேன். பந்தைப் பார்த்தேன். அதில் அவன் முகம் தெரிந்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். ஆனால் தெரிந்தது. கை நடுங்கவில்லை. அந்தப் பயணத்தில் நான் அடித்து நேராகப் போன ஒரே பந்து அதுதான். "அப்பிடித்தான்" என்றான் பின்னாலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் சாமான் லாரி வந்து போனது. மறுநாள் காலை, காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் நிறுத்தினான். ஹ்யூம் நெடுஞ்சாலை வழியாக ஒரே மூச்சில் சிட்னி. அவன் மனைவி இறங்கி என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். அவன் என்னிடம் கை நீட்டினான். நான் குலுக்கினேன், வங்கி மேனேஜரின் கையைக் குலுக்குகிற மாதிரி. ஏதாவது பகிடி விடுவேன் என்று எதிர்பார்த்து நின்றான். நான் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். காரில் ஏறி, இன்ஜினைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, "போட்டு வாறன் மச்சான்" என்றான்.

"எங்கடா போறே?" என்றேன்.

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். "ஐயோ அண்ணா, வெளிக்கிடேக்க இப்பிடிக் கேக்கலாமே" என்றாள் அவன் மனைவி. வேண்டுமென்றேதான் கேட்டேன். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்தினான். இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் சாப்பாட்டு மேசையில், இவ்வளவு காலமும் அவன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பெரிய டம்ளர், விளிம்புவரை.

"தூரவோ எண்டு கேட்டிருக்கலாமே."

"தூரம்னு தெரியும்டா."

அவன் தண்ணீரைக் கையில் எடுத்தான். வைன் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, அதைவிட மெதுவாகக் குடித்தான். அவனை நான் மன்னிக்கவில்லை. டம்ளர் பாதியானதும் எழுந்துபோய் ஜாடியை எடுத்துவந்து மறுபடி நிரப்பினேன். வெளியே பிள்ளைகள் ஹார்ன் அடித்தார்கள். அவன் அதையும் குடிக்கத் தொடங்கினான்.