அடுத்த பஸ்ஸில் வருகிறவன்

சண்டைப் படம் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. நாயகன் ஆட்களைத் தூக்கி எறிகிற நேரத்தில் நான் வெளியே போய் பப்ஸ் தின்றுவிட்டு வருவேன். யாராவது யாருக்காகவாவது காத்திருக்கும் படமென்றால் மட்டும் நாற்காலியை விட்டு அசையமாட்டேன்.

கல்யாணமாகி ஓசூரில் குடியேறிய புதிதில், ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் மனைவியை மேட்டினிக்கு அழைத்துப் போவேன். நான் விருதுநகர்ப் பக்கம், அவள் ஓசூருக்குப் பக்கத்து ஜவளகிரி. அவள் வீட்டில் கன்னடம்தான். அவளுடைய தமிழ் கடைத்தெருவுக்குப் போதும், சினிமா வேகத்துக்குப் போதாது. அதனால் கம்பெனியில் பழகிய கன்னடத்தில் வசனத்தை அவள் காதில் ஓதிக்கொண்டே இருப்பேன். என் கன்னடத்தைக் கேட்டு அழவேண்டிய இடத்தில்கூடச் சிரிப்பாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த படத்தை அப்படித்தான் பார்த்தோம். கடைசியில் நாயகி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். ஒருவன் வந்து, அவள் காத்திருக்கும் ஆள் செத்துப்போனதாகச் சொல்கிறான். அவள் அழுகிறாள். அவ்வளவுதான் படம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னான் என்று கேட்டாள். அப்போது அவள் வயிற்றில் எங்கள் மகள் இருந்தாள். அவளை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை. "அடுத்த பஸ்ல வர்றானாம். சந்தோஷத்துல அழுவுறா" என்று கன்னடத்தில் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன்பின் வந்த வருஷங்களில், கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் சத்தம் என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காது மெஷின் வீட்டில் பரவாயில்லை. தியேட்டரில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பி மண்டையைக் குடையும். இனி எனக்கு சினிமா இல்லை என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"நா எதுக்குங்க இருக்கறேன்? கெளம்புங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவளுடைய தமிழ் சினிமா வேகத்துக்குத் தேறிவிட்டது. இப்போது அவள்தான் ஓதுகிறாள், தமிழில். மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். முறைப்பவர்கள் இன்றும் முறைக்கிறார்கள்.

போன மாதம் பார்த்த படத்தில், கப்பல் வேலைக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருந்தாள். கடைசிக் காட்சியில், கடற்கரையில் ஒரு பெரியவர் அவளிடம் வந்து ஏதோ சொன்னார். அவள் மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"என்ன சொன்னாரு?" சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசை மொத்தமும் திரும்பியது.

மனைவி என் காதோடு வாயை வைத்து, "அடுத்த பஸ்ல வர்றாராம்" என்றாள்.

நடுக்கடலுக்குப் போனவன் எந்த பஸ்ஸில் வருவான்? திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பழைய படத்தின் முடிவு அவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியுமோ, நான் கேட்கவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"சந்தோஷத்துல அழுவுறா."