மார்க்கர் நார்மல், சொதி இறங்கவில்லை

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிக் குழம்புதான். தேங்காய்ப்பால் மணம் தெருமுனை வரை வரும்.

பந்தியில் என் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். "சாப்பாடே இறங்க மாட்டேங்கு" என்றவர், மறுமூச்சில் செல்போனை நீட்டினார். "ஆனா கேன்சர் மார்க்கர் எடுத்துட்டேன்வே. எல்லாம் நார்மல்!"

என் கை இலையிலேயே நின்றது. காரணம் இருக்கிறது...

போன வருடமும் இதே மாதிரி ஒரு பந்தி. அன்று செல்போனை நீட்டியவர் சித்தப்பா! தச்சநல்லூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மூன்று முறை சொதி கேட்டு வாங்குகிற மனிதர், அன்று நாலு வாயோடு இலையை மூடினார். வேட்டி பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

"வயிறு டொம்முனு இருக்கு, அவ்வளவுதான். ரத்தத்துல கேன்சர் டெஸ்ட் பாத்தாச்சு" என்று பந்திக்கே அறிவித்தார்.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். கேட்கவேண்டியதை வரிசையாகக் கேட்டே பழக்கம். கேட்டேன். எடை குறைந்திருக்கிறதா? கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறதா? வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா?

பந்தியே நிமிர்ந்தது.

"ஏட்டி! நல்ல காரியம் நடக்குத வீட்டுல என்ன பேச்சு பேசுத?" என்று சீறினாள் அத்தை.

உருளைக்கிழங்கு வாளியோடு நின்ற சித்தி மட்டும் பைய வாயைத் திறந்தாள். "ஒரு மாசமா கறுப்பாத்தான் போகுது தாயி."

"அப்போ உள்ள ரத்தம் கசியுதான்னு எண்டோஸ்கோப்பி பாக்கணும் சித்தப்பா. கேன்சர் இருந்தாலும் இந்த மார்க்கர் நார்மலா வரலாம்."

கேன்சர் என்ற வார்த்தையைச் சத்தமாகவே சொன்னேன். கிசுகிசுத்தால் மட்டும் போய்விடுமா?

விஷயம் இதுதான். சி.இ.ஏ., சி.ஏ. 19-9 என்று ரத்தத்தில் சில பொருட்களை அளக்கிறோம். இரைப்பைப் புற்று ஆரம்பித்த பலருக்கு இவை ஏறுவதே இல்லை. சிகரெட் பிடித்தால் ஒன்று ஏறும். பித்தக்குழாய் அடைத்தால் இன்னொன்று ஏறும் — புற்றே இல்லாமல்! சிகிச்சைக்கு முன் ஏறியிருந்தவருக்கு, பிறகு இறங்குகிறதா, மறுபடி ஏறுகிறதா என்று கவனிக்க உதவும். அங்கே இவற்றுக்கு மரியாதை உண்டு. வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பது இவற்றின் வேலை இல்லை. பின் ஏன் 'கேன்சர் டெஸ்ட்' என்று பேக்கேஜில் போட்டு விற்கிறார்கள்? நானும் அதைத்தான் கேட்கிறேன்.

மறுநாள் சித்தப்பா லேபுக்கே வந்துவிட்டார், சித்தியோடு. தொண்டையில் குழாய் விடுவார்கள் என்று பயம். சட்டையை மடித்துக் கையை நீட்டினார்.

"இன்னொருக்க எடு. உன் மெஷின்ல வந்தா நம்புதேன்."

"எடுக்க மாட்டேன்."

"நீ செய்யுத டெஸ்ட்டை நீயே நம்ப மாட்டியாட்டி?"

"அதுல எது தெரியாதுன்னு தெரிஞ்சுதான் சொல்லுதேன். இன்னொரு நார்மலை வாங்கிட்டு நீங்க கடையைத் திறக்கப் போயிருவீங்க."

முறைத்தார். மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டார். அதற்குள் சித்தி எண்டோஸ்கோப்பிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தாள்.

இருந்தது. இரைப்பைப் புற்றுதான்; அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருந்தது. பாதி வயிற்றை எடுத்தார்கள்.

சரி, போன ஞாயிறு பந்திக்கே திரும்புகிறேன். சித்தப்பா தாசில்தாரின் செல்போனை வாங்கி, பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் நார்மல்தான்வே வந்துச்சு. இப்ப பாதி வயிறு இல்ல. நாளைக்கே குழாயை விட்டுப் பாரும். கேன்சரா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்லட்டும்."

"நல்ல காரியத்துல மறுபடியும் ஆரம்பிச்சாச்சா!" — அத்தையேதான்.

"ஆமா. நான் உயிரோட உக்காந்து சாப்பிடுதது நல்ல காரியம் இல்லையா?" என்றார் சித்தப்பா.

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை... சொதி கேட்டதைத் தவிர.