வராத பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம்

அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள ஒரு பிள்ளை வரவே வராது என்பது, அதை வாங்கும்போதே எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதோ, சொல்லிவிட்டேன். கட்டிய மனைவியிடம் இன்றுவரை சொல்லாததை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். எப்பேர்ப்பட்ட வீரன் பாருங்கள்!

நான் ஓடைப்பட்டிக்காரன். திராட்சை விவசாயி. அதிலும் விதையில்லாத் திராட்சை... கொஞ்சம் பொறுங்கள், இதற்கு நீங்கள் பிறகு சிரிக்கலாம். கல்யாணப் பந்தியில் நான் உட்காரும் வரிசையில்தான் எப்போதும் சத்தம் அதிகம். துக்க வீட்டில்கூட என்னைக் கடைசி நாற்காலிக்குத் தள்ளிவிடுவார்கள், யாரையாவது சிரிக்க வைத்து மானத்தை வாங்கிவிடுவேன் என்று. எந்தச் சங்கடத்திலிருந்தும் வாயாலேயே தப்பித்துவிடலாம் என்று நம்பியவன் நான். தப்பித்தும் விட்டேன். அதுதான் கதையே.

எனக்கும் ராணிக்கும் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளையில்லை. மதுரைக்குப் போய் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். முடிவைக் கேட்க நான் தனியாகப் போனேன். தானும் வருவதாக ராணி கிளம்பி நின்றாள். "பஸ்ஸுல ஒனக்குக் கொமட்டும். அதப் பாத்துட்டு ஊரே தப்பா சந்தோசப்பட்டுரும், நீ இரு" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

எதை வைத்து அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா?

டாக்டர் வயதானவர். நாற்காலியை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடைவெளியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் விளக்கியதெல்லாம் சுவரில் பட்ட பந்து மாதிரித் திரும்பிப் போனது. வைத்தியம் உண்டா என்று கேட்டேன். "செலவு வேணா பண்ணலாம். நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், எங்க தோட்டத்துல வெளையிறது விதையில்லாத் திராட்சை. அதத் தின்னுதான் இப்படி ஆயிருச்சோ?"

அவர் சிரிக்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் இப்போது சிரிக்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது ராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம். நேரம் கூடி வரணும்னு சொன்னாக."

நேரம்! எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்... அதைத்தான் பின்னால் ஒரு கண்ணாடிக்குள் அடைத்து, பெட்டியில் போட்டு வாங்கிவந்தேன்.

ராணி காத்திருக்கத் தயாராக இருந்தாள். என் ஆத்தா தயாராக இல்லை. "எம் மகனுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாக. அப்ப கோளாறு எங்கன இருக்கு?" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். சின்னமனூரில் இருந்த தன் தம்பி மகளை எனக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைப்பது என்று அவளாகவே முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளை வரச் சொல்லிவிட்டு, ஆட்டுக்கறிக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். எங்கள் வீடுகளில் பெரிய முடிவுகளை யாரையும் கேட்டு எடுப்பதில்லை. கறிச்சோறு போட்டு எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டவன் மறுத்துப் பேச மாட்டான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ராணி என்ன ஆவாள் என்ற பயமா? அப்படித்தான் எழுத ஆசை... ஆனால் இல்லை! சின்னமனூர்ப் பெண்ணும் வந்து, அவளுக்கும் பிள்ளை பிறக்காமல் போனால்? பிறகு ஊர் யாரைப் பார்க்கும்? படிக்காத கிழவிகூட அந்தக் கணக்கை ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் போட்டுவிடுவாள். அந்தப் பயம்தான். அது மட்டும்தான்.

என்னோடு பள்ளியில் படித்த காசிம், உத்தமபாளையத்துக்காரன். மேகமலை எஸ்டேட்டுகளில் ஏலக்காய் எடுத்து விற்பவன். அவன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்று அவனிடம் விற்பனைக்கு இருந்தது. அந்த வருடம் திராட்சைக்கு நல்ல விலை. தோட்டத்தில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏலே மாப்ளே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? இதக் கட்டிக்கிட்டா கொடிக்கு மருந்தடிக்கப் போற?"

"எனக்கில்லடா. எம் மகனுக்கு."

"மகனா! எப்படா?"

"வருவான்."

காசிம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தான். "இதுக்குச் சாவி கெடையாது, பேட்டரி கெடையாது. கை அசைஞ்சா ஓடும். கழட்டிப் பொட்டிக்குள்ள போட்டியன்னா ரெண்டொரு நாள்ல நின்னுரும். எந்நேரமும் உசுருள்ள கை ஒண்ணு வேணும் இதுக்கு, பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பங்காளிகள் சாப்பிட்டார்கள். என் பெரியப்பா பல்லைக் குத்திக்கொண்டே, "ஏப்பா, ஒன் ஆத்தா சொல்றதும் நாயமாத்தான படுது..." என்று தொடங்கினார். ராணி மோர்ச் செம்போடு அடுப்படி நிலையில் நின்றாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

நான் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன்.

"இது எம் மகனுக்கு வாங்குனது. அவனுக்கப்பறம் அவன் மகனுக்கு. அந்த மகன ராணிதான் பெத்துத் தரணும். வேற ஒருத்தி வயித்துல பெறக்குற பிள்ளை கையில இத நான் கட்ட மாட்டேன். ராணிக்குப் பிள்ளை இல்லைன்னா எனக்கும் இல்ல. அப்பறம் பெரியப்பா கையிலதான் கட்டி விடணும். இன்னொருக்கா ஒண்ணாப்புல சேந்து, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்!"

கூடம் இடிந்துவிழுவது போலச் சிரிப்பு. பெரியப்பாவே சிரித்துப் புரையேறி, பல்குச்சியைத் தொலைத்தார். ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை. "இவன் ஆம்பளையா? பொண்டாட்டி காலச் சுத்துற பூனை!" என்று கறிச்சட்டியை நங்கென்று வைத்தாள். நிலைப்படியில் ராணியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து மோர் தரையெல்லாம் சிந்தியது.

சின்னமனூர்ப் பேச்சு அன்றோடு முடிந்தது.

நான் ஊரில் பெரிய மனிதனாகிவிட்டேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் தங்கள் புருஷன்மார்களை என் பெயர் சொல்லித் திட்டினார்கள். "அவுகளப் பாரு, பொண்டாட்டிய விட்டுக்குடுத்தாகளா?" ராணியோ, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே வந்து என் பாதங்களில் நெற்றியை வைத்து அழுதாள். நான் தடுத்தேனா? இல்லை. கால் கூசியது. அவ்வளவுதான்!

அவள் மேல் விழ இருந்த கல்லை நான் தாங்கியதாக அவள் நினைத்தாள். அந்தக் கல்லை எறிந்தவனே நான்தான் என்று எப்படிச் சொல்வேன்...

காசிம் சொன்ன விவரத்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கடிகாரத்தை நிற்கவிடாமல் பார்ப்பது அவள் பொறுப்பாயிற்று. ஆண் கைக்கான பட்டை. அவள் கையில் முழங்கை வரை வழுக்கி ஏறும். மாவு ஆட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் மட்டும் கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். ஆட்டுக்கல்லில் சுற்றுகிற கையைவிட்டுக் கழற்றினால் எப்படியடி ஓடும் என்று கேலி செய்வேன். அதை ஈடுகட்டவே சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பாள். தொட்டிலை ஆட்டுகிறவளைப் போல.

"எதுக்கு இந்தப் பாடு? நின்னா நிக்கட்டுமே, தட்டுனா ஓடப்போகுது."

"ச்சீ, அப்படிச் சொல்லாதீக. வந்து கேக்கும்போது ஓடிக்கிட்டிருக்கணும்ல."

யார் வந்து? எனக்குச் சொல்லுங்கள், யார் வந்து?

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்: "என்ன ராணி, எல்லாரும் பிள்ளைய இடுப்புல வச்சிருக்காக, நீ கையில கட்டியிருக்க?" ராணி சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அருகில்தான் நான் இருந்தேன். வாயாடி! ஊர்ச் சிரிப்புக்காரன்! வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பிறகு அவள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். சித்திரை வெயில் தெரியுமல்லவா எங்கள் பக்கம்? காலில் செருப்பில்லாமல், இரு கைகளிலும் வேப்பிலையை வைத்து, அதன்மேல் நெருப்புச் சட்டியை ஏந்தி நடக்க வேண்டும். மனதில் குறையில்லாதவர்களைச் சட்டி சுடாது என்பார்கள்.

முல்லையாற்றில் குளித்து, மஞ்சள் சேலையோடு ஏறிவந்தவள், கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டாள். "இன்னைக்கு மட்டும் நீங்க பாத்துக்கங்க. நிக்கக் கூடாது." அதன் துடிப்பு என் நாடிக்கு மேலேயே கேட்டது. கொட்டுச் சத்தம். சட்டியில் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி தாங்காது, இந்த நெருப்பை இவள் தொடுவதற்கு முன்னால் சொல்லியே தீர வேண்டும்! முதுகு வியர்க்க, கூட்டத்தை இடித்துக்கொண்டு அவளருகே போனேன்.

"ராணி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும். சட்டிய எடுக்காத. முதல்ல இதக் கேளு..."

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கியும் முகமெல்லாம் சிரிப்பு.

"வேணாங்க, இப்ப வேணாம். நீங்க ஏதாச்சும் சொல்லுவீக, நான் சிரிச்சுப்புடுவேன், சட்டி ஆடிப்போகும். எறக்கி வச்சப்பறம் சொல்லுங்க, நல்லாச் சிரிக்கிறேன்."

சட்டியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

நான் கூப்பிட்டிருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். என் குரல் வெளியே வந்தாலும் அது இன்னொரு வேடிக்கையாகத்தான் அவள் காதில் விழும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பக்கத்திலேயே தண்ணீர்க் குடத்தோடு நடந்தேன். உண்மையைச் சொன்னால்... அவள் சொன்ன அந்தக் காரணம் கிடைத்ததும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி! அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

சட்டியை இறக்கியபோது அவள் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்திருந்தன.

கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சுட்டிருச்சுங்க..." என்றாள். "எங்கிட்டத்தான் ஏதோ குறை இருக்கு. அத்தை சொல்றது சரிதான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னமோ சொல்ல வந்தீகளே?"

நான் ஏதோ ஒரு ஜோக்குச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

வருடங்கள் போயின. ராணி கொடுக்கும் காப்பியை என் ஆத்தா கடைசிவரை முகம் பார்த்து வாங்காமலே போய்ச் சேர்ந்தாள். அதுவும் என் கணக்கில்தான். ராணிக்கும் வயது கடந்தது. ஒருநாள் அவளே சொன்னாள், "இனி நமக்கு எதுக்குங்க? எங்க அண்ணன் மகன் பாண்டிக்கே கட்டிருவோம். கல்யாணம் வருதுல்ல." குரலில் அழுகை இல்லை. அதுவே பயமாக இருந்தது.

தேனியில் கல்யாணம். பாண்டி மாலையோடு நின்றான், பக்கத்தில் மணப்பெண். ராணி தன் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினாள். தழும்பு விழுந்த உள்ளங்கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"எம் பிள்ளைக்குன்னு வச்சிருந்ததுடா. இத ஒரு நா நிக்க விட்டதில்ல. நீயும் விட்டுராத. பொண்டாட்டிய எப்படி வச்சுக்கணும்னு ஒங்க மாமாவப் பாத்துப் படிச்சுக்க. ஊரே எதுத்து நின்னப்ப என்னைய விட்டுக்குடுக்காத மனுசன்."

பாண்டி என் காலில் விழுந்தான். மணப்பெண்ணும் விழுந்தாள். இருவர் தலையிலும் கை வைத்தேன். "எந்திரிங்கப்பா, பந்திக்கு நேரமாச்சு, கடிகாரம் காட்டுது பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? பிள்ளையில்லாமல் போன வாழ்க்கையில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்; அதையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாதே என்று பார்க்கிறேன்...

நன்றாக இருக்கிறதல்லவா? பார்த்தீர்களா, உங்களிடம்கூட விளையாட்டுக் காட்டுகிறேன்! அவளுக்காக இல்லை. அவள் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை போய்விடுமே என்றுதான்.

நேற்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெறும் மணிக்கட்டு. பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது. அந்தக் கை மெல்ல இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏய், அதான் பாண்டிகிட்டக் குடுத்தாச்சுல்ல?" என்றேன்.

குனிந்து பார்த்தவள், தன் கை ஆடுவதை அப்போதுதான் கண்டாள். "அட, ஆமா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, அவளுக்கே தெரியாமல், மறுபடி ஆடத் தொடங்கியது.