பொன்னாடைகளுக்கு நடுவே ஒரு செல்லோ

எங்கள் சன்னாசித் தாத்தாவின் வழிவந்தவர்களில் உலக அரங்குகளில் வாசிப்பவர் ஒருவரே: கனகராஜ் அண்ணனின் மகள் ஷர்மினி. வாசிப்பது செல்லோ. குடும்பத்தில் பாதிப் பேருக்கு அது இன்றுவரை ‘பெரிய வயலின்’. மீதிப் பேருக்கு ‘அந்தப் பெட்டி’.

கனகராஜ் மலேசியாவில், பத்து காஜாவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனை எண்ணெய்க்கு மாறி, பின்பு நீரூற்று வைத்த வீடமைப்புப் பகுதியாக உயர்வு பெற்றபோது, அவர் ஈப்போ நகரின் புந்தோங்கில் குடியேறித் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஷர்மினி பள்ளி இசைக்குழுவில் தாமதமாகச் சேர்ந்தாள். வயலின்கள் எல்லாம் பிறருக்குப் போய்விட்டன. எவரும் தூக்க விரும்பாத செல்லோ மிஞ்சியிருந்தது. உறவினரின் ஊக்கம் அன்றே தொடங்கியது.

“இத தூக்கிக்கிட்டு எப்படி லா பஸ் ஏறுவ?” என்றார் கனகராஜின் தங்கை நவமணி. “நர்ஸிங் படி. ஊசி சின்னதா இருக்கும்.”

செல்லோ அப்பாவின் பேருந்திலேயே ஏறியது, இரவு வேலை முடிந்து தூங்கி வழியும் பெண்களுக்கு நடுவே ஓர் இருக்கையில். அங்கிருந்து உதவித்தொகையில் ஜெர்மனிக்கும், பிறகு நால்வர் குழுவொன்றில் வியன்னா, லிஸ்பன், தோக்கியோ என்றும் போயிற்று. விமானத்திலும் அதற்குத் தனி இருக்கை என்று கேள்விப்பட்ட நவமணி, பெட்டிக்குச் சாப்பாடும் கொடுப்பார்களா என்று மட்டும் விசாரித்தார்.

நாளிதழில் படம் வந்ததும் குடும்பத்தின் ஞாபகசக்தி வியக்கத்தக்க வகையில் மேம்பட்டது. கனகராஜின் அப்பா ராமையா தாத்தா தோட்டத்துத் திருவிழாக்களில் உறுமி அடித்தவர் என்பது, சம்பந்தம் பேசும் இடங்களில் கவனமாக மறக்கப்பட்டுவந்த செய்தி. அது ஒரே வாரத்தில் ‘நம் பரம்பரை இசை ஞானம்’ ஆயிற்று. ஷர்மினியைச் சிறுவயதிலேயே அடையாளம் கண்டவர்களை ஒரு பேருந்தில் ஏற்ற முடியாது.

கனகராஜ் மகளை ஒருமுறைகூட மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. சிறுநீரகங்கள் செயலிழந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸில் இருப்பவர் வியன்னாவுக்குப் போக முடியாது. கைப்பேசியில் கேட்டார், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கிறது என்றார். சென்ற ஆண்டு இருதயமும் பலவீனமடைந்துவிட்டதாக மருத்துவர் சொன்னதும், ஷர்மினி கச்சேரிகளை ஒத்திவைத்து ஈப்போவுக்கு வந்தாள். அப்பா முன்னால், ஒரே ஒரு முறை, முழுமையாக வாசிக்க வேண்டும்; அவள் விருப்பம் அவ்வளவுதான்.

அதற்காகத்தான் குடும்பச் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவளுடைய தாய்மாமனுமான ஐயாவு, குடும்ப தின விழாவை முன்கூட்டியே நடத்த முன்வந்தார். ஷர்மினி ஒரு நிபந்தனை விதித்தாள்.

“வாசிக்கிறப்ப நடுவுல யாரும் மேடைக்கு வரக்கூடாது மாமா.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா.”

அவர் பார்த்துக்கொண்டார். புந்தோங் மண்டபத்தில் அவள் வில்லை வைத்து, மெதுவான அந்த முதல் பகுதி சற்றே விரியத் தொடங்கியபோது, தாமதமாக வந்த நகர மன்ற உறுப்பினரை அவரே மேடைக்கு அழைத்துவந்தார். பொன்னாடை போர்த்தாமல் ஒரு கலைஞரை வாசிக்க விடுவது நம் பண்பாட்டில் இல்லை. ஆடை வில் பிடித்த கையில் விழுந்தது. சந்தன மாலை தந்திகளில் மோதி, அன்றைய நிகழ்ச்சியின் மிக உரத்த ஒலியை எழுப்பியது. ஷர்மினி எழுந்தாள், படம் எடுத்துக்கொண்டாள், முதலிலிருந்து தொடங்கினாள்.

அடுத்து மகளிர் பிரிவு. பிரிவின் சார்பில் வந்தவர் நவமணி. மீண்டும் எழுந்தாள், மீண்டும் தொடங்கினாள். அறிவிப்பாளர் அடுத்த பெயரைப் படிக்க ஒலிவாங்கியைத் தட்டியபோது, முன்வரிசையிலிருந்து கனகராஜ் எழுந்து, டயாலிசிஸ் ஊசிக்குக் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி மேடையேறினார்.

“மச்சான், இன்னும் எத்தன பொன்னாட இருக்கு?”

“ஏழெட்டு இருக்கும் லா,” என்றார் ஐயாவு. “எல்லாம் பெரிய ஆளுங்க. விட்டா கோவிச்சுக்குவாங்க.”

“ஒரு நாற்காலி போடு. எல்லாத்தையும் எனக்குப் போத்து. அவ வாசிக்கட்டும்.”

“ஒனக்கு எதுக்கு?”

“பெத்தவன் லா. எனக்குப் போத்தக் கூடாதா?”

தலைமையாசிரியர் நாற்காலிக்குக் கையசைத்தார். மகளுக்கு அருகில் நாற்காலி போடப்பட்டது. அவள் வாசித்தாள். பிரமுகர்கள் வரிசையாக வந்து போர்த்தினார்கள், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், இறங்கினார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கனகராஜ் காதுவரை உயர்ந்தார். அவர் எவரையும் பார்க்கவில்லை. வில் போய்வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடைகள் தீர்ந்த பிறகும் இசை தொடர்ந்தது. வேறு வழியில்லாமல் மண்டபமும் கேட்டது.

அவள் வில்லை இறக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை, கைகள் வெளியே வர வழியில்லை.

“கேட்டீங்களாப்பா?”

“முழுசா கேட்டேன் பாப்பா,” என்றார் கனகராஜ். “இப்ப இதையெல்லாம் எடு. வேக்குது.”