பூட்டுக்குப் பிறகு கள்ளன் வரவில்லை

வெள்ளவத்தையில் உயர்தரத்துக்கு அளவையியல் எடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இரட்ணகாந்தன் சேரிடம்தான் போகிறார்கள். காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே அவருடைய வகுப்பு. கீழே பஸ் ஹோர்ன் அடித்தால் பேச்சை நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். பிழையான நியாயங்களை அவர் படிப்பிக்கும் நாளில் பின் வாங்கில் இருப்பவர்கள்கூட நித்திரை கொள்வதில்லை.

“பனையில காகம் வந்து இருந்தது. பனம்பழம் விழுந்தது. காகமோ விழுத்தினது?”

“இல்லை சேர்.”

“பின்னை ஏன் விழுந்தது?”

“பழுத்ததால சேர்.”

“காகம் வராட்டி?”

“அப்பவும் விழும் சேர்.”

பனம்பழத்தைக் கையால் தொட்டே பார்க்காத பிள்ளைகள் அரை நிமிடத்தில் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் வகுப்பு முடிந்து, கடலுக்கு இறங்கும் ஒழுங்கையால் நடந்து, தான் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்துக்குள் அவர் நுழைந்துவிட்டால், அதே விளக்கம் செல்லாக் காசு. மூன்று வருடமாக அப்படித்தான்.

சங்கதி ஒரு பூட்டு.

கட்டடத்தில் இரண்டு படிக்கட்டுகள். முன்படி லிப்டைச் சுற்றி ஏறுகிறது. எல்லா வீடுகளின் மின்சார மீற்றர்களும் அதன் அடியில்தான் இருக்கின்றன. பின்படி ஒடுக்கமானது. கீழே ஓர் இரட்டைக் கம்பிக் கதவு வழியாகப் பின்னொழுங்கைக்கு வெளிக்கிடலாம். நெருப்பு, புகை என்றால் ஓடித் தப்புவதற்கென்றே கட்டிய வழி அது.

2022இல், காஸ் சிலிண்டருக்குச் சனம் விடிய விடிய வரிசையில் நின்ற காலத்தில், இரண்டாம் மாடி ஸ்ரீநிவாசன் வீட்டு வாசலில் இருந்த நிரம்பிய சிலிண்டர் காணாமற்போனது. ஸ்ரீநிவாசன் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் வியாபாரி. கட்டடக் குழுவின் தலைவர். கள்ளன் எந்த வழியால் வந்தான் என்பதை ஒருவரும் காணவில்லை. பின்வழியால்தான் வந்திருப்பான் என்று அடுத்த போயா தினக் கூட்டத்தில் முடிவானது. கூட்டங்கள் எப்போதும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையில்தான். அன்றைக்குத்தான் கடையும் கந்தோரும் ரியூசனும் இல்லாமல் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஸ்ரீநிவாசன் தன் கடையிலிருந்தே ஒரு கனத்த பூட்டைக் கொண்டுவந்து பின்கதவில் போட்டார். பூட்டைத் திறக்கும் ஒரே திறப்பு அவரிடம்.

இரட்ணகாந்தனின் வீடு ஐந்தாம் மாடியில், பின்படிக்குப் பக்கத்தில். அந்த வீட்டை அவர் எடுத்ததே அதற்காகத்தான். மனைவி யோகாம்பிகைக்குத் தொய்வு வருத்தம். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. பக்கத்து வளவில் சருகு எரித்தவர்களால் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மீற்றர்களுக்கு மேலே ஏறும் முன்படியால் புகைக்குள் ஐந்து மாடி அவரால் இறங்க முடியாது. இது கணவருக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து சொல்லியும் இருக்கிறார்.

“மாஸ்டர், பூட்டுன பொறகு ஒரு களவு நடந்திருக்கா? சொல்லுங்க,” என்றார் ஸ்ரீநிவாசன்.

“பூட்ட முன்னம் பதினொரு வருசம் திறந்து கிடந்தது ஐயா. அப்ப எத்தினை களவு நடந்தது?”

“ஒண்ணு நடந்துச்சில்ல?”

“அது காஸ் இல்லாத காலம். இப்ப சந்திக்குச் சந்தி காஸ் விக்கினம். ஆர் அதைக் களவெடுக்க வரப்போறான்?”

“அதத்தான் நானும் சொல்றேன். பூட்டு தொங்குறதப் பாத்தா எவன் வருவான்?”

பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மூன்றாம் மாடித் தொலைபேசிக் கடைக்காரரும் குழுவின் செயலாளருமான நிலாம் பணிவாகத்தான் கேட்டார்.

“சேர், நெருப்புப் புடிக்கும் புடிக்கும்னு சொல்றீங்க. இந்தக் கட்டடத்துல ஒருக்காவாவது புடிச்சிரிக்கா?”

“அப்ப, ஒருக்காலும் வராதபடியா நெருப்பு இனியும் வராது. ஒருக்கா வந்தபடியா கள்ளன் திரும்பவும் வருவான். அப்பிடியோ?”

“அதானே சேர். நீங்களே சொல்லிட்டீங்களே.”

நாலாம் மாடி பிறிஜெற், கொட்டாஞ்சேனையிலிருந்து கலியாணம் கட்டி வந்து வீட்டில் கேக் செய்து விற்பவர், சமாதானமாகச் சொன்னார்: “அய்யா சொல்றதும் சரி, சேர் சொல்றதும் சரி.”

“ரெண்டும் சரியா இருக்க ஏலாது பிறிஜெற்.”

“ஏன் சேர் கோவிக்கிறீங்க? சும்மாதானே சொன்னேன்.”

எதிர்ப்பவர்களைவிட இந்தச் சமாதானக்காரர்கள்தான் அவருக்குக் கூடுதல் எரிச்சல். அன்றிரவு சோற்றில் கை வைத்தபடி, பிறிஜெற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனைவிக்குச் சொன்னார்.

மாநகர சபைக்கு எழுதினார். அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வருவது தெரிந்திருந்ததால் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. “ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் ‘சரி’ சொல்லிவிட்டு அதிகாரி போனார். மத்தியானம் பூட்டு திரும்பவும் ஏறியது.

அந்த வருடமே ஸ்ரீநிவாசன் பின்கதவுக்கு வெளியே, ஒழுங்கைப் பக்கமாக, ஒரு சிறு மாடத்தில் பிள்ளையாரை வைத்தார். கதவின் ஒரு பாதியை மாடம் மறைத்தது. மற்றப் பாதி திறந்தால் ஓர் ஆள் சரிந்து போகலாம். இனிமேல் கதவைப் பற்றிக் கதைத்தால் பிள்ளையாரைப் பற்றிக் கதைப்பதாகிவிடும். திருநீறு பூசாமல் வகுப்புக்குப் போகாத இரட்ணகாந்தனைப் பார்த்து, “மாஸ்டருக்கு சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி,” என்று ஸ்ரீநிவாசன் லிப்டுக்குள் ஆருக்கோ சொன்னார்.

சென்ற வருடம் வைகாசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருந்த நேரம், மூக்கில் ரப்பர் எரியும் மணம் அடித்தது. இரட்ணகாந்தன் முன்கதவைத் திறந்தார். படியால் கறுப்புப் புகை ஏறிக்கொண்டிருந்தது. கீழே மீற்றர்ப் பலகையில் ஒரு வயர் பற்றியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு மனைவியைப் பிடித்துக்கொண்டு பின்படியால் இறங்கினார். பூட்டுத் தொங்கியது. திறப்பு புறக்கோட்டையில் இருந்தது.

கம்பிகளைப் பிடித்து உலுக்கினார். ஒழுங்கையைப் பார்த்துக் கத்தினார். யோகாம்பிகை கடைசிப் படியில் இருந்து, முகத்தைக் கம்பிக்குள் வைத்து, பிள்ளையார் மாடத்தின் முதுகுக்கும் சுவருக்கும் இடையால் வந்த கடற்காற்றை இழுத்தார். பம்ப் முடியப்போகும் சத்தம் கேட்டது. அவருடைய உதடுகள் நீலம் பாரிப்பதை இரட்ணகாந்தன் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கமாகப் பாண் விற்று வந்த ஓட்டோக்காரர் அவர்களைக் கண்டு, முன்னால் ஓடிப்போய்ச் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினார்கள், மணல் போட்டார்கள், புகை அடங்கியது. ஸ்ரீநிவாசன் ஓட்டோவில் வந்து இறங்கிக் கதவைத் திறந்தபோது யோகாம்பிகையின் மூச்சு மெல்லத் திரும்பியிருந்தது.

ஸ்ரீநிவாசனின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பல்ல. மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பாத்தீங்களா மாஸ்டர், பிள்ளையார்தான் அம்மாவுக்குக் காத்து குடுத்தாரு.”

“ஐயா, கதவு திறந்திருந்தா அவ வெளியில நிண்டிருப்பா.”

“உள்ள இருந்தும் ஒண்ணும் ஆகலையே. அப்ப பூட்டுனதால என்ன நஷ்டம்?”

நிலாம் ஈரத்துவாயை முகத்திலிருந்து எடுத்தார். “நாங்க எல்லாரும் முன்படியாலதான் எறங்கினோம் சேர். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நீங்கதான் பதறிப்போய்ப் பின்னால போயிட்டீங்க.”

அடுத்த போயாக் கூட்டத்தில் முன்படி போதுமானது என்பதற்கு அந்த நெருப்பே சாட்சியானது. இரண்டு வருடமாக, நெருப்பு வந்தால் தெரியும் என்று சொல்லி வந்தவர் இரட்ணகாந்தன். நெருப்பு வந்தது. வந்து மற்றவர்களின் பக்கம் சேர்ந்துகொண்டது.

அன்று மாலை விறாந்தையில் குறுக்கும் மறுக்கும் நடந்தபடி, அடுத்த கூட்டத்துக்கான நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். யோகாம்பிகை கொஞ்ச நேரம் கேட்டார்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கட்டே?”

“கேளும்.”

“ரெண்டு வருசமா ஒரே ஆக்களுக்கு ஒரே கதையைச் சொல்லுறியள். ஒருத்தரும் மாறேல்லை. அடுத்த மாசம் மாறுவினம் எண்டு என்ன ஆதாரத்தில நம்புறியள்?”

“நியாயம் எண்டு ஒண்டு இருக்குத்தானே யோகா.”

“அது நான் கேட்டதுக்கு மறுமொழி இல்லை.”

அந்தக் கேள்வியில் ஓட்டை எங்கே என்று இரட்ணகாந்தன் இரண்டு நாள் தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த போயாவுக்குப் போனார். அதற்கடுத்த போயாவுக்கும் போனார்.

மார்கழிக் கடைசியில் யோகாம்பிகை ஸ்ரீநிவாசனை லிப்ட் வாசலில் கண்டார்.

“ஐயா, முழங்கால் நோவோட காலமை காலமை லிப்டால இறங்கி ஒழுங்கையைச் சுத்திப்போய்ப் பூ வைக்கிறியள். பின்படி எனக்குக் கிட்ட. நான் வைக்கட்டே? நித்தியகல்யாணி எங்கட பல்கனியில கொட்டுது.”

ஸ்ரீநிவாசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அடுத்த நாளே இன்னொரு திறப்பு வெட்டிக்கொண்டுவந்தார். “பத்திரம்மா. பூ வச்சதும் மறக்காமப் பூட்டிருங்க.”

“பூட்டாம விடுவனோ ஐயா.”

இரட்ணகாந்தனுக்கு இதில் பாதிச் சந்தோசம்தான். மனைவியின் கையில் திறப்பு இருக்கிறது, சரி. மற்ற மாடிக்காரர்கள்? “உமக்குத் திறப்புக் கிடைச்சது வேற. அவையின்ர நியாயம் பிழை எண்டது வேற,” என்றார். யோகாம்பிகை பூக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சித்திரையில் ஒரு காலை, பின் பல்கனியில் நின்று பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த இரட்ணகாந்தன் கீழே பார்த்தார். பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி நின்றது. பிறிஜெற் வீட்டுச் சட்டையோடு மீன் வைத்த மாலுபாண் வாங்கினார். வாங்கிவிட்டு, பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்தால் சரிந்து கட்டடத்துக்குள் போனார். பின்னால் நிலாமின் மனைவி பஹ்மியா வந்து, ஒரு றாத்தல் பாணோடு அதே வழியால் போனார்.

வாயைக் கொப்பளிக்காமலே குசினிக்குப் போனார்.

“யோகா, பிறிஜெற்றிட்டயும் திறப்பு இருக்கோ?”

“இல்லை.”

“பின்னை எப்பிடி?”

“பூட்டு கொழுவிக் கிடக்கு. அமத்திப் பூட்டேல்லை. கையை விட்டுக் கழட்டலாம்.”

“எப்ப துவக்கம்?”

“தை பிறந்ததில இருந்து.”

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

“பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில கதைக்கிற ஆம்பிளையளுக்குத்தான் தெரியாது.”

இரட்ணகாந்தன் கதிரையில் இருந்தார். முகம் மெல்ல மெல்ல வெளித்தது. “நாலு மாசம் திறந்து கிடந்திருக்கு. ஒரு கள்ளனும் வரேல்லை. யோகா, இதுக்கு மேல என்ன வேணும்? எதிருதாரணம் கையில இருக்கு. அடுத்த போயாவுக்கு நான்...”

“சொல்லுங்கோ. சொன்னா அண்டைக்கே புதுப் பூட்டுப் போடுவினம். எனக்குத் தந்த திறப்பையும் வாங்குவினம்.”

கொதித்த கேத்திலை யோகாம்பிகை இறக்கி வைத்தார்.

வெசாக் போயா அன்று கூட்டம். ஒழுங்கையில் வெளிச்சக் கூடுகள் தொங்கின. ஸ்ரீநிவாசன் எழுந்து வருட அறிக்கை சொன்னார். லிப்டுக்குப் புதுக் கேபிள், தண்ணித் தொட்டி கழுவியது, கடைசியில் பாதுகாப்பு.

“இந்த வருஷமும் நம்ம பில்டிங்ல ஒரு களவு கெடையாது. எல்லாம் அந்தப் பூட்டோட மகிமை.”

எல்லாரும் இரட்ணகாந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவர் எழும்புவது வழக்கம். அவருடைய கையும் பாதி எழும்பியது. முப்பது வருடம் படிப்பித்ததில் இவ்வளவு சுத்தமான மறுப்பு அவர் கையில் கிடைத்ததில்லை. நாலே சொல். அத்தோடு முடிந்துவிடும். பிளேன்ரீத் தட்டோடு நின்ற பஹ்மியா அசையாமல் அவரையே பார்த்தார். பிறிஜெற் செருப்பைப் பார்த்தார். இரட்ணகாந்தனுக்குக் கம்பியில் பதிந்திருந்த முகமும் நீலம் பாரித்த உதடும் நினைவுக்கு வந்தன. எழும்பிய கையால் ஒரு பிளேன்ரீயை எடுத்தார்.

“என்ன மாஸ்டர், இன்னைக்கு ஒண்ணும் இல்லியா?”

“இல்லை ஐயா.”

ஸ்ரீநிவாசன் பெருந்தன்மையாகச் சிரித்தார். “பரவால்ல. மூணு வருஷம் ஆனாலும் மாஸ்டர் கடைசியில ஒத்துக்கிட்டாரு.”

கதிரைகள் கைதட்டின. தேநீர் நாக்கைச் சுட்டது. அவர் அதையும் விழுங்கினார்.

மேலே போனதும் யோகாம்பிகை கேட்டார். “என்ன சொன்னவை?”

“நான் பிழை எண்டு ஒத்துக்கொண்டனாம்.”

யோகாம்பிகை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இழுப்பாக மாறுமோ என்று கணவர் பம்பைத் தேடினார். மாறவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் காகமும் பனம்பழமும் வரவில்லை. இரட்ணகாந்தன் வெண்பலகையில் ஒரு கதவைக் கீறினார்.

“ஒரு கதவில பூட்டுத் தொங்குது. நாலு மாசமா கள்ளன் வரேல்லை. பூட்டோ கள்ளனைத் தடுத்தது?”

“இல்லை சேர்,” என்றது வகுப்பு. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள்.

“அந்தப் பூட்டு உண்மையா பூட்டித்தான் கிடந்ததோ எண்டு முதல்ல பாக்க வேணும் சேர்.”

கீழே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. சத்தம் அடங்கிய பிறகும் இரட்ணகாந்தன் உடனே தொடங்கவில்லை.

“நல்ல கேள்வி,” என்றார். “பிள்ளை எந்த ஒழுங்கையில இருக்கிறீர்?”