காதுக்கு வழி மூக்குல

எங்க தெருவுல ரெண்டு மூணு பேருகிட்டதான் செல்போன் இருந்த காலம். என் மக அப்ப எல்.கே.ஜி. சளி புடிச்சா போதும், மறுநாளு காதைப் புடிச்சிக்கிட்டு அழுவா, மூணாம் நாளு சீழு ஒழுவும். நான் பஞ்சை உருட்டி அடைச்சி ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன். ஒழுவுறதை அடைக்கிறதுதான் வைத்தியம்னு நெனப்பு. என் வூட்டுக்காரரு லாரி டிரைவரு. வாரத்துல ரெண்டு நாளு வூட்டுல இருப்பாரு, அந்த ரெண்டு நாளும் அவருதான் வைத்தியரு. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துன்னுவாரு. நானும் ஊத்துனேன், இல்லன்னு சொல்லக் கூடாது.

அந்த மழைக்காலத்துல ஸ்கூலு டீச்சரு கூப்ட்டு, "உங்க பொண்ணு சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குதுங்க, ரொம்பப் புடிவாதம்"ன்னாங்க. வூட்டுலயும் அதே கதைதான். சொம்பை எடுத்தாடின்னு நாலு தரம் கூப்ட்டாலும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அஞ்சாவது தரம் முதுவுல ஒண்ணு வெப்பேன். இவ்ளோ திமிரு யாருகிட்டேருந்து வந்துச்சோன்னு நான் பொலம்புனா, வூட்டுக்காரரு என்னையே பாப்பாரு.

விருத்தாசலத்துல நான் வேலைக்குப் போனது ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. சூளையிலேருந்து எடுத்த பொம்மையை விரலால சுண்டிப் பாப்போம். நல்லதுன்னா டிங்குன்னும், விரிசல்னா டொக்குன்னும். ஒருநாளு ரெண்டு பொம்மையை வூட்டுக்கு எடுத்தாந்து, அவ முதுவுக்குப் பின்னாடி உக்காந்து, "எது ஒடஞ்சதுன்னு சொல்லு பாப்போம்"ன்னு வெளையாட்டாச் சுண்டுனேன். திரும்பல. இன்னும் பலமாச் சுண்டுனேன். அவ பாட்டுக்கு சிலேட்டுல கோடு போட்டுக்கிட்டு இருந்தா. புள்ளைக்குக் காது போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? மறுநாளே லீவு போட்டுட்டு காது டாக்டருகிட்ட ஓடுனேன்.

டாக்டரு மொதல்ல பஞ்சைப் புடுங்கி எறிஞ்சாரு. லைட்டு அடிச்சி காதைப் பாத்தாரு, அப்புறம் மூக்கைப் பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்குப் பொறுக்கல.

"டாக்டரு, வலி காதுலங்க."

"தெரியும்மா. கோளாறு மூக்குலேருந்து வருது."

மூக்குக்குப் பின்னாலேருந்து காதுக்குள்ள சின்னதா ஒரு குழாய் போவுதாம். சளி புடிச்சா அது அடைச்சிக்குமாம். மூக்குல இருக்குற கிருமி அது வழியா ஏறி உள்ள சீழு வெக்கும், வெளிய போவ வழி இல்லாம செவிப்பறையைக் கிழிச்சிக்கிட்டு வரும்னாரு. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பொம்மைக்கு அடியில ஓட்டை போடுற வேலைங்க. உள்ள காலியா இருக்குற பொம்மை. காத்து போவ ஓட்டை விடலன்னா சூளையில வெடிச்சிடும்."

சொல்லும்போதே எனக்கு உறைச்சிடுச்சு. ஓட்டை போட மறந்தவளுங்களை நான் திட்டாத திட்டு கெடையாது. அப்பேர்ப்பட்ட நான்தான் சொந்தப் புள்ளை காதை அடைச்சி வெச்சிருக்கேன். "அதேதாம்மா"ன்னு சிரிச்சாரு டாக்டரு. குடிக்க மருந்து, மூக்குல விடச் சொட்டு மருந்து எழுதுனாரு. எண்ணெய், பஞ்சு ரெண்டும் காது கிட்டவே வரக் கூடாது, கிழிசல் பெரும்பாலும் தானா மூடிக்கும், காது கேக்க கொஞ்ச நாளாவும்னாரு.

திரும்ப வராம இருக்கத் தடுப்பூசி கெடையாதான்னு கேட்டேன். ஊசி இருக்குது, ஆனா எல்லாக் கிருமிக்கும் ஆவாது. கிருமி குடியிருக்குறது மூக்குல, அங்கயே காவலு வெக்கிற மாதிரி மூக்குல விடுற தடுப்பு மருந்துக்கு வெளிநாட்டுல ஆராய்ச்சி நடக்குதுன்னாரு. மூக்குல விடுற தடுப்பு மருந்துங்குறதை கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். ஆராய்ச்சிங்குறதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சி ஒரு ஞாயித்துக்கிழமை போலியோ சொட்டு மருந்து போட்டாங்க. வரிசையில நின்னு எங்க முறை வந்ததும், புள்ளை தலையை அண்ணாத்திப் புடிச்சி மூக்கைக் காட்டுனேன்.

"வாயைத் தொறக்கச் சொல்லுங்கக்கா"ன்னாங்க நர்ஸம்மா.

"மூக்குல ரெண்டு சொட்டு விடுங்க. காதுக்கு."

"இது போலியோவுக்குங்க."

"வாயில விட்டா காலுக்கு வேலை செய்யுதுல்ல? மூக்குல விட்டா காதுக்குச் செய்யாதா?"

பின்னாடி வரிசையே சிரிச்சிது. நர்ஸம்மா மட்டும் சிரிக்கல, பாவம். "அந்த மருந்து வந்தா மொதச் சொட்டு உங்க பொண்ணுக்குத்தாங்க. இப்ப வாயைத் தொறக்கச் சொல்லுங்க."

மானம் போன கோவத்தை யாருமேல காட்டுறது? குனிஞ்சி அவ காதுகிட்டப் போயி, எப்பவும் கத்துற மாதிரியே, "வாயைத் தொறடி"ன்னு கத்துனேன்.

அவ ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டா. "ஏம்மா கத்துற? எனக்குத்தான் கேக்குதே."

நர்ஸம்மா ரெண்டு சொட்டு வாயில விட்டு, சுண்டு விரல்ல மையி வெச்சாங்க. கேக்காத காதுக்காக எத்தினி நாளு அந்த முதுவுல அடிச்சிருக்கேன். அதே முதுவைத் தடவிக்கிட்டே வரிசையை விட்டு வெளிய வந்தேன்.